தீ பிடித்த தேதி

“தேதி எதுக்குங்க? தீப் புடிச்சுது, கூரை போச்சு. தேதிய வெச்சு என்ன பண்ணப் போறீங்க?”

சென்னியம்மாள் கட்டைவிரலைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். எதிரே, புதுச்சத்திரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்த கிராம சேவகர் உபகாரசாமி மைப்பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பஞ்சாயத்து யூனியன் வந்த புதுசு அது.

“மானியம்ங்கம்மா. கரட்டுக் குன்றைச் சுத்திப் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கிட்டா தீ தாண்டாது. தொட்டி ஒண்ணு, இருவது வாளி. பாதி வேலை நீங்க செய்யணும், மீதி சர்க்கார் குடுக்கும். ஆனா இங்க தீ வந்திருக்குன்னு காட்டணுமில்ல?”

“காக்கிச் சட்டைக்காரன் குடுத்துட்டுப் போன கதைய எங்கூர்ல யாரும் கேட்டதில்லீங்க.”

“இது சைக்கிள் தூசிக்குப் போட்டதுங்க!”

அவள் நம்பவில்லை. கரட்டடியில் மற்ற ஆறு வீட்டிலும் நம்பவில்லை. ‘தீயா? எங்கூர்ல பீடியே சரியாப் பத்தாதுங்க’ என்று பக்கத்து வீட்டு மாரியப்பன் சத்தியம் செய்யாத குறை.

காரணம் இருந்தது. மாசி பிறந்தால் கரட்டுப் புல்லுக்கு நெருப்பு வைப்பது ஆட்டுக்காரர்களின் வழக்கம். கருகினால்தான் கோடை மழைக்குத் தளிர் வரும். ஆனால் கரட்டின் மேல்பாதி காட்டிலாகாவுடையது. போன மாசியில் அவள் தம்பி செங்கோடன் வைத்த நெருப்பு, காற்று புரண்டு, மேலே எல்லைக்கல்லைத் தாண்டிச் சந்தன மரங்களைத் தின்றது. கீழே அவள் கூரையையும் பட்டியிலிருந்த இரண்டு சினையாடுகளையும் தின்றது. வைத்தவன் யாரென்று காட்டிலாகா கார்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். தேதியைச் சொன்னால் சந்தனம் எரிந்த நாளோடு ஒத்துப்போகும், தம்பி ஜெயிலுக்கு. சொல்லாவிட்டால் மானியம் இல்லை. அடுத்த மாசியில், மறுபடி வேய்ந்த கூரைக்கடியில்தான் அவள் பிள்ளைகள் இரண்டும் தூங்கும்.

“இந்தக் காயிதம் எங்கெங்க போகும்? படிங்க, கேக்கறேன்.”

உபகாரசாமி உற்சாகமாகப் படித்தார். தாளைத் திருப்பினார். “நகல் ஒன்று ஆணையாளருக்கு. நகல் ஒன்று…” குரல் இறங்கிவிட்டது.

“ஏஞ்சாமி, நின்னு போச்சு?”

“வனச்சரக அலுவலகத்துக்கு.” தாளை முன்னும் பின்னும் புரட்டினார். “புல்லு செதுக்க அவங்க அனுமதி வேணுமில்லீங்க, அதுக்கா இருக்கும். மாதா சத்தியமா நான் பின்பக்கம் பாக்கலைங்கம்மா.”

பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுத்தான் வந்தாரா? பொய் சொல்லத் தெரியாதவன் முகமாகவும் இருந்தது, அப்படி வைத்துக்கொள்ளப் பழகியவன் முகமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்தா செங்கோடன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரவேண்டும்? சைக்கிளைக் கண்டதும் நின்றான். முழங்கைக்குக் கீழே வெந்து சுருங்கிய தோலைத் துண்டால் மூடினான். உபகாரசாமியின் கண் அங்கே போய்த் திரும்பியது.

சென்னியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“எழுதுங்க! மாசி பதினொண்ணு, வெள்ளிக்கெழமை. என்ர ஊட்டு அடுப்புல இருந்து பொறி பறந்துச்சு. கூரை புடிச்சு, அப்பறந்தான் கரட்டுக்கு ஏறுச்சு. அடுப்ப அணைக்காமத் தண்ணிக்குப் போனது நானு.”

“அக்கா!”

“நீ போயி பட்டிய அடைடா!”

உபகாரசாமி பேனாவைத் திறக்காமல் கேட்டார். “அன்னிக்குக் காத்து எந்தப் பக்கமிருந்துங்க?”

“மானியத்துக்குக் காத்து எதுக்குங்க?”

அவர் பேனாவைத் திறந்து எழுதினார். அவள் சொன்னது நாலே வாக்கியம். தாளில் ஏழு வரி ஓடியது. சென்னியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் வரியை எண்ணத் தெரியும்.

“இன்னொருக்காப் படிங்க.”

படித்தார். அவள் சொன்னது மட்டுந்தான் காதில் விழுந்தது. சர்க்கார் பாஷையில் எழுதினால் நீளுமாம்.

மை தொட்டு விரலை அழுத்தினாள். தாள் மடிந்து காக்கிப் பைக்குள் போனது, சைக்கிளும் கிளம்பிப் போய்விட்டது. அவர் வாய் படித்ததையேதான் கை எழுதியிருக்கும் என்கிறீர்களா, இல்லை கூடுதலான அந்த மூன்று வரியில் செங்கோடன் இருக்கிறானா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?