அடிக்குறிப்பில் வீட்டுக்காரர்

கரீம் பாஷா காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாரென்றால் செவ்வாய்ப்பேட்டையில் பாதிப் பேர் கையிலிருப்பதை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள். கீழே அவருடைய ஜவுளிக்கடை, மாடியில் அவர் செயலாளராக இருக்கும் சேலத்து விஞ்ஞான சபை. கீழே சேலையில் ஓர் இழை விலகியிருந்தால் எடப்பாடித் தறிக்காரர் கண்ணெதிரிலேயே வட்டம் போடுவார். மேலே கட்டுரையில் ஆதாரம் விலகியிருந்தால், எழுதியவர் கலெக்டரே ஆனாலும் வட்டம்தான். 1938ஆம் வருஷம் ஆடி மாதத்தில் சௌந்திரத்தின் கட்டுரையில் அவர் போட்ட வட்டம் நல்ல பூசணிக்காய் அளவு இருந்தது.

"இது யாரும்மா, 'நாமக்கல் பக்கத்து ஆராய்ச்சியாளர் ஒருவர்'?"

சௌந்திரம் நாமக்கல்லில் பெண்கள் பள்ளிக்கூடத்து சயன்ஸ் டீச்சர். கடலைக்காட்டை ராத்திரியோடு ராத்திரியாக மொட்டையடித்துவிட்டுப் போகும் கம்பளிப்புழுவைப் பற்றித்தான் கட்டுரை. அதற்காக மூன்று மழைக்காலம் அவள் வரப்பைத் தோண்டியதில் அந்த வட்டாரத்து எலிகள் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டதாகப் பேச்சு.

"கூட்டுப்புழுவெல்லாம் வரப்பு மரத்து நிழல்லதான் ஒதுங்குதுன்னு இவர் மொதல்ல கண்டாரு. அங்கதான் நீங்க தோண்டி எண்ணியிருக்கீங்க. உங்க கட்டுரையே அவர் தோள் மேலதான் நிக்குது. அவருக்குப் பேரு கிடையாதா?"

"இருக்குதுங்க."

"எழுதலாமே."

"எழுத வரலீங்க." சௌந்திரம் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவங்க எங்க ஊட்டுக்காரருங்க."

கரீம் பாஷா பென்சிலைக் கீழே வைத்தார். "எங்க வீட்லயும் அப்படித்தான். கல்யாணமான நாள்லேர்ந்து 'இந்தாங்க'தான். என் பேரு மஸ்தான் பீவிக்குத் தெரியுமான்னே சந்தேகம்." சிரித்து முடித்ததும் மறுபடி பென்சிலை எடுத்துக்கொண்டார். "ஆனா சபை விதி ஒண்ணுதாம்மா. யாரு சொன்னது, எந்த வருஷம், எந்தப் பத்திரிகை, எந்தப் பக்கம். மேடையில வாய்விட்டுச் சொல்லணும். போன வருஷம் ஒருத்தர் பொறக்காத ஆளுங்க பேரையெல்லாம் எழுதிக் கொண்டாந்தாரு. அதுலேர்ந்து இப்படி. சொல்லாட்டி ஆண்டு மலர்ல கட்டுரை ஏறாது."

புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பதைச் சௌந்திரம் நம்பினாளா என்றால், இல்லை. புழுவின் ஆயுசைத் தேதி போட்டுக் கணக்கெடுத்தவள் அதையெல்லாம் நம்புவாளா. ஆனால் நாக்கு நம்பியது. புருஷன் பெயர் வெள்ளியங்கிரி என்று அமைந்துவிட்டதால் வந்த சங்கடம் கொஞ்சநஞ்சமல்ல. வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு 'வியாழனுக்கு மறுநாள்'. வகுப்பில் உலோகங்களைச் சொல்லும்போது வெள்ளிக்கு மட்டும் கையிலிருக்கும் காப்பைத் தூக்கிக் காட்டுவாள். அவளிடம் படித்த பெண்கள் பரீட்சையில் 'காப்பு' என்றே எழுதி மார்க்கை இழந்தார்கள்.

வெள்ளியங்கிரியோ விவசாய இலாகாவில், குடியானவர்களுக்குப் புதுச் சாகுபடி முறைகளைச் செய்துகாட்டும் டெமான்ஸ்டிரேட்டர். 1929இல் ஒரு விவசாயப் பத்திரிகையில் அவருடைய கட்டுரை வந்தது. இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தை அவர் வாசித்துக் காட்டாத ஆள் நாமக்கல் தாலுகாவில் இல்லை. மோகனூர் சந்தைக்கு வரும் மாடுகள்கூட நிழலொதுங்குதல் பற்றி ஓரளவு அறிந்திருந்தன. ஆனால் அதற்கப்புறம் அதை எவரும் எந்தக் கட்டுரையிலும் மேற்கோள் காட்டவில்லை. புதுப் பத்திரிகை வந்தால் கடைசிப் பக்கத்து அடிக்குறிப்புகளைத்தான் முதலில் திறப்பார். பரீட்சை எழுதினவன் நம்பர் தேடுவதுபோல விரல் வைத்துக் கீழே இறங்குவார். பிறகு மூடி வைத்துவிட்டு, "அச்சு நல்லாத்தான் போட்டிருக்கறான்" என்பார்.

வட்டத்தோடு திரும்பிய கட்டுரையைப் பார்த்ததும், "எனக்கொண்ணுமில்ல, உனக்குச் செரமம்னா என்ற பேரை உட்டுப்போடு" என்றார். அன்று மத்தியானம் மறுசோறு போட்டுக்கொள்ளாமலே எழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத சங்கதி அது.

சௌந்திரத்துக்குக் கையிலிருந்த கரண்டி கனத்தது. எண்ணியது அவள்தான், அதில் பங்கு கேட்க யாருமில்லை. ஆனால் எங்கே தோண்டவேண்டும் என்பது அவருடையது. பெயரில்லாமல் எடுத்துக்கொண்டால் அடுத்தவர் காட்டில் பிடுங்கிய கடலைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? மரியாதைக்காக மறைத்த பெயர் அவரை 'ஒருவர்' ஆக்கிவிட்டிருந்தது.

வழி சொன்னது மாமியார் காளியாத்தாள். தன் புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்களாகியும் அவர் பெயரை உச்சரிக்காத மனுஷி. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பொம்பளைங்க கைநாட்டு வெக்கறப்ப புருசன் பேரை ஆரு சொல்றாங்க? பக்கத்துல நிக்கறவங்கதான? நா வாரேன். பேரு வர்ற எடத்துல நீ நிறுத்து சாமி, நாஞ் சொல்றேன். பெத்தவளுக்கு இல்லாத பாத்தியமா?"

கரீம் பாஷா தாடியைத் தடவி யோசித்து, விதியில் அதற்குத் தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

கூட்டத்தன்று சபையில் மாரியம்மன் பண்டிகைக்குக் கூடுகிற அளவு கூட்டம். பொம்பளை கட்டுரை படிக்கிறாள், மாமியார் அடிக்குறிப்பு படிக்கிறாள் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? முதல் வரிசையில் காளியாத்தாள் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தூணோரம் வெள்ளியங்கிரி, கஞ்சிபோட்ட அங்கவஸ்திரம் கழுத்தை அறுக்க, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்போல நின்றிருந்தார்.

"நிழலில் ஒதுங்குவதை முதலில் எழுதியவர்..." சௌந்திரம் நிறுத்தினாள்.

"வெள்ளியங்கிரி" என்றாள் காளியாத்தாள். சோளக்காட்டில் கிளி விரட்டிப் பழகிய குரல். கீழே கடையில் துணி அளந்துகொண்டிருந்தவர் கை நின்றது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது, பக்கம் நாற்பத்தொன்று" என்று சௌந்திரம் தொடர்ந்தாள்.

இரண்டாம் தடவை நிறுத்தியபோது காளியாத்தாளுக்கு ருசி தட்டிவிட்டது. "வெள்ளியங்கிரி. என்ற மவன். சின்னதுலயே பூச்சியெல்லாம் அவங்கிட்டப் பேசும்."

"ஆத்தா, அதுக்கு ஆதாரம் வேணும்" என்றார் கரீம் பாஷா.

"நாந்தானுங்க ஆதாரம்."

சபை சிரித்து அடங்க நேரமாயிற்று. கட்டுரையும் முடிந்தது. காளியாத்தாள் நிறைந்த வாயோடு துப்புவதற்காக வெளியே எழுந்து போனாள். அந்த நேரம் பார்த்து, விவசாய இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்கிய ஒருவர் எழுந்தார்.

"நல்லாப் படிச்சீங்கம்மா. ஆனா புழு நெழல்ல ஒதுங்கறது ஊருக்கே தெரிஞ்ச சங்கதி. இதுக்குப் போயி ஒருத்தர் பேரை எதுக்கு இழுக்கறீங்க? 'பொதுவாக அறியப்பட்டது'ன்னு போட்டுட்டாப் போச்சு. மலர்லயும் எடம் மிச்சம்."

நான்கைந்து தலைகள் ஆடின. கரீம் பாஷாவின் பென்சில் அடிக்குறிப்பின்மேல் வந்து நின்றது. "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

சௌந்திரம் முதல் வரிசையைப் பார்த்தாள். நாற்காலி காலி. தூணோரம் பார்த்தாள். வெள்ளியங்கிரி, அச்சு நல்லாத்தான் போட்டிருக்கிறான் என்று சொல்லும்போது இருக்கும் அதே முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் எழுதிய 'ஒருவர்' இப்போது 'ஊர்' ஆகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவளுக்குப் பட்டது.

"ஊருக்கே தெரிஞ்சதுதானுங்க. இருபத்தொம்பதுக்கு அப்பறம்" என்றாள். "அதுக்கு முன்னால எழுதினவங்க ஆராச்சும் இருந்தாச் சொல்லுங்க. பேரு, வருசம், பக்கம். நானே திருத்திப் போடறேன்."

பென்ஷன்காரர் சட்டைப்பையைத் துழாவினார். உள்ளே பக்க எண் எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது, உட்கார்ந்துகொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருதானுங்க எழுதினாரு." சௌந்திரம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மு. வெள்ளியங்கிரி."

விசிறி ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டுவதை நிறுத்தினார்கள். வாசல்படியில், துப்பிவிட்டுத் திரும்பிய காளியாத்தாள் நின்றிருந்தாள். எல்லாக் கண்ணும் அவள்மேல் போயிற்று. மாமியார் கத்துகிற கத்தில் சபைக்கு ஓடு மிஞ்சாது என்று எதிர்பார்த்து, ஓரத்திலிருந்தவர்கள் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டார்கள்.

காளியாத்தாள் வாயைத் தலைப்பால் துடைத்தாள். தூணோரம் நின்ற மகனை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். ஆள் குறையாமல் அப்படியே இருந்தார்.

"இன்னொருக்காச் சொல்லு சாமி" என்றாள். "கடைசிப் பெஞ்சுக்குக் கேக்கல."

சௌந்திரம் சொல்லவில்லை. திரும்பிச் சுண்ணக்கட்டியை எடுத்தாள். கரும்பலகையின் இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடிவரை, ஒவ்வொரு எழுத்தும் ஒரு குடம் கொள்ளுமளவுக்கு எழுதினாள். அதன் கீழே வருஷம். அதன் கீழே பக்கம். கரீம் பாஷா பென்சிலைத் திரும்பவும் காதில் செருகிக்கொண்டு, எல்லோரும் குறித்துக்கொள்ளும்படி கேட்டார். சபை முழுவதும் குனிந்து எழுதியது, பென்ஷன்காரரும் எழுதினார். தூணோரம் ஒருவர் மட்டும் குனியவில்லை. யாருடைய பெயரோ என்பதுபோல, உதடசைத்து, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.