அசையாத படம்

எண்ணூர் முகத்துவாரத்தில் முங்கி, பாறையோடு ஒட்டிக்கிடக்கும் சிப்பியைப் பெயர்த்து எடுப்பது கருணாகரனின் தொழில். அதனால், சொல்லும்போதெல்லாம் இருபது விநாடி மூச்சை அடக்க வேண்டும் என்று ஸ்கேன் எடுக்கும் ஜெரினா சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"நூறு எண்ணி முடிக்கிற வரைக்கும் தண்ணிக்குள்ள கீறவன்மா நான்."

மகள் சினேகாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தன் சிறுநீரகங்களில் ஒன்றை அவளுக்குக் கொடுக்கப் போகிறார். இரத்தம் பொருந்திவிட்டது. மிச்சம் இந்த எம்.ஆர்.ஐ. மட்டும்தான்.

ஜெரினா பொறுமையாக விளக்கினாள். கை நரம்பில் ஒரு மருந்து ஏறும். அது இரத்தத்தோடு போய், முதலில் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியைப் படத்தில் பளிச்சென்று காட்டும், பிறகு உட்பகுதியை, சில நிமிடங்களில் சிறுநீரோடு வடிந்து நடுவிலுள்ள பையில் சேரும். அந்த ஓட்டத்தை வரிசையாகப் படம் பிடித்தால், எந்தச் சிறுநீரகம் எவ்வளவு உழைக்கிறது என்று தெரிந்துவிடும். மூச்சு விட்டால் சிறுநீரகம் மேலும் கீழும் நகர்ந்து படம் கலங்கிவிடும். பலருக்குத் திரும்பவும் எடுக்க வேண்டிவரும்.

இயந்திரத்துக்குள் சம்மட்டி அடிப்பது போலச் சத்தம். கருணாகரன் கண்ணை மூடினார். சின்ன வயதில் சினேகா படகில் உட்கார்ந்துகொண்டு, அவர் முங்கியதும் சத்தமாக எண்ணுவாள். அதை நினைத்தபடியே அசையாமல் கிடந்தார்.

மறுநாள் டாக்டர் கணினியில் இரண்டு கோடுகளைக் காட்டினார். வலது சிறுநீரகத்தின் கோடு சட்டென்று ஏறி இறங்கியது. இடதின் கோடு ஏற முடியாமல் படுத்தே கிடந்தது. நூறில் பதினெட்டு பங்கு வேலைதான் அது செய்கிறது. மிச்சத்தை வலது இழுத்துப்போட்டுச் செய்ததால் இத்தனை வருடமும் அவருக்குத் தெரியவில்லை. இடதைக் கொடுத்தால் மகளுக்குப் பயனில்லை. வலதைக் கொடுத்தால் அவரும் டயாலிசிஸ் படுக்கைக்கு வந்துவிடலாம்.

"நான் மூச்சு வுட்டிருப்பேன் சார். இன்னொரு தபா எடுத்துப் பாருங்க."

டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல இருந்தன. இவ்வளவு தெளிவான படம் வந்ததே இல்லை என்று ஜெரினாவே சொன்னாளாம்.

டயாலிசிஸ் அறையில் சினேகா, ஊசி குத்திய கையை நீட்டிப் படுத்திருந்தாள்.

"இன்னா நைனா, படம் நல்லா வந்துச்சா? எவ்ளோ நேரம் தம் கட்ன?"

"நல்லா வந்துச்சும்மா" என்றார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

மூச்சடக்கி விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணத் தொடங்கினாள்.