நிலவறையில் மாப்பிள்ளை பார்த்த கதை

மாப்பிள்ளைப் பையனைப் பார்க்க ஜார்ஜியாவுக்குப் போகலாம் என்று சேதுமாதவன் சொன்னபோது பத்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்த கை அப்படியே நின்றது. ஊர் உலகத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்கு வருவார்கள், மிஞ்சிப்போனால் கோயிலுக்கு வரச் சொல்வார்கள். இந்த மனிதர் என்னடாவென்றால் விமானம் ஏறச் சொல்கிறார்!

"ஏங்க, அந்தத் தம்பியே இங்க துபாய்க்கு, நம்ம கராமா வீட்டுக்கு வரட்டுமே. ஒரு கேசரி கிளறி, பஜ்ஜி போட்டு..."

"வீட்டுக்கு வந்தா எல்லாப் பையனும் நல்ல பையன்தான் பத்மா. வெளியில வச்சுப் பார்க்கணும்."

வெளியில் சொல்லிக்கொள்ளக் காரணம் இருந்தது. பையன் பாலமுரளிக்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை. இவர்கள் ஜெர்மனிக்குப் போக விசா கேட்டால் பிறந்த கதையிலிருந்து எழுதித் தரவேண்டும். ஜார்ஜியாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. துபாய் ரெசிடென்ஸ் விசா கையில் இருந்தால் இவர்களும் போகலாம், ஜெர்மனி பெர்மிட்டோடு அவனும் வரலாம். பக்ரீத் விடுமுறைக்குத் துபாயில் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள். பாலமுரளியின் அப்பா அம்மாவைப் போன லீவில் திருச்சியிலேயே பார்த்துப் பேசியாயிற்று. அவர்களுக்குச் சம்மதம். மகள் சம்யுக்தாவும் பாலமுரளியும் மாதக்கணக்காக வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நேரில் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

உள்ளே இருந்த காரணம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வெளியே வந்தது.

"அங்க போல்னிசின்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. இருநூறு வருஷம் முன்னாடி ஜெர்மன்காரங்க வந்து கட்டின ஊர். சுத்தி திராட்சைத் தோட்டம். வீட்டுக்குக் கீழே நிலவறை வச்சு வைன் பண்றாங்க. ஜெர்மனியில இருக்கிற பையன், ஜெர்மன் ஊர்னு சொன்னா சந்தோஷமா வருவான். நானே கிளாஸை நீட்டப் போறேன். பழக்கம் இருந்தா கை தானா வரும், பாரு."

பத்மா எச்சில் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

சேதுமாதவன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி மேனேஜர். அல் கூஸில் ஆபீஸ். சொல்லாமல் கொள்ளாமல் சைட்டில் போய் நின்று அலாரத்தை அடித்துவிட்டு, எத்தனை பேர் ஒழுங்காக வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பது அவர் தொழில். அவர் எந்த சைட்டுக்கு எப்போது வருவார் என்பது முந்தின நாளே சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் முழுக்கத் தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்துவிடுகிறது என்பது தெரியாத ஒரே ஆள் சேதுமாதவன்தான். அந்த வித்தையை இப்போது மாப்பிள்ளை மேல் காட்டப் போகிறாராம்.

குடி என்றால் அவருக்கு ஆகாது. ஆகாது என்றால் சாதாரணமாக இல்லை. சொந்தத் தம்பி சுரேஷ்குமார் ஒரு கல்யாண ரிசப்ஷனில் பீர் குடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான் என்று அன்றைக்கு விட்டவர்தான், இன்றுவரை பேச்சில்லை. அவருடைய அப்பா குடித்தே போனவர் என்பது பத்மாவுக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை.

அந்தப் பாலமுரளி குடிப்பான்.

பேச ஆரம்பித்த முதல் மாதமே அவன் சம்யுக்தாவிடம் சொல்லியிருந்தான். நண்பர்களோடு வெளியே போனால் ஒரு கிளாஸ், இரண்டு கிளாஸ் வைன். சம்யுக்தா அதை அம்மாவிடம் சொன்னாள், அம்மா அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

"அம்மா, பேசாம நானே அப்பாகிட்ட சொல்லிடறேன். இட்ஸ் நாட் எ பிக் டீல்" என்றாள் சம்யுக்தா, துணி காயப்போடும்போது.

"வாயை மூடு. உனக்கு பிக் டீல் இல்ல, அவருக்கு அதுதான் டீலே. உனக்கு இந்தப் பையன் வேணுமா, வேணாமா?"

"வேணும்மா." சம்யுக்தாவின் குரல் இறங்கிவிட்டது. "இத்தனை பேர்ல இவரைத்தான் பிடிச்சிருக்கு. இவர்கிட்டதான் நான் நானா பேசறேன்."

அது போதும் பத்மாவுக்கு. அன்றைக்கே மகளின் போனை வாங்கிக் கேள்வித்தாளை லீக் செய்துவிட்டாள்.

"தம்பி, நான் ஆன்ட்டி பேசறேன். அங்க வச்சு அங்கிள் உங்களைக் குடிக்கச் சொல்லுவார். விழுந்து விழுந்து சொல்லுவார். நீங்க தொட்டுடாதீங்க. ஜூஸ் கேளுங்க."

"ஆன்ட்டி, கேட்டா உண்மையைச் சொல்லிடறனே" என்றான் பாலமுரளி.

"ஐயோ, என் கண்ணு இல்ல? கல்யாணம் முடியட்டும். அப்புறம் நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

ஷார்ஜாவிலிருந்து விமானம். பத்மாவின் பெட்டியில் ரைஸ் குக்கர், ரசப்பொடி, ஊறுகாய், அப்பளம் எல்லாம் இருந்தன. தலைநகர் திபிலீசியில் இறங்கி ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை காரில் தெற்கே போனார்கள். பாலமுரளி முன்னாடியே வந்து போல்னிசியின் பழைய தெருவில் இவர்கள் தங்கப்போகிற கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். வீடியோவில் பார்த்ததைவிட உயரம், கொஞ்சம் கூன். காரிலிருந்து இறங்கிய சம்யுக்தாவும் அவனும் பார்த்துச் சிரித்துக்கொண்ட சிரிப்பில், கடவுளே இது நல்லபடியாக முடியணுமே என்று பத்மா வேண்டிக்கொண்டாள்.

ஊர் சின்னதுதான். கல் அடித்தளம், அதன் மேல் மரச்சட்டமும் மர பால்கனியுமாக வரிசையாக வீடுகள். சில வீடுகளைப் புதுப்பித்து பெயிண்ட் அடித்திருந்தார்கள், சில வீடுகளில் பலகை இற்றுப்போய்த் தொங்கியது. பால்கனியில் துணி காய்ந்தது. கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் மனானா என்ற அம்மாள் ஆங்கிலத்தில் ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வந்தாள். வந்தவர்கள் ஸ்டுட்கார்ட் பக்கத்து ஜனங்கள். ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் காத்தரினென்ஃபெல்ட். திராட்சை நட்டார்கள், சர்ச் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் சோவியத் அரசாங்கம் அத்தனை பேரையும் ரயிலில் ஏற்றி கஜகஸ்தானுக்கு அனுப்பிவிட்டது. வேற்று இனத்தில் கல்யாணம் செய்திருந்த சில பெண்கள்தான் மிஞ்சினார்கள். மனானாவின் பாட்டி அப்படி மிஞ்சியவள்.

"நூத்தி இருபது வருஷம் இருந்து, வீடும் கட்டி, கடைசியில கிளம்புன்னுட்டானா!" என்றார் சேதுமாதவன். "நாம பரவாயில்ல. துபாய்ல நம்மளை முதல் நாளே கிளம்ப வேண்டியவங்கன்னு சொல்லித்தான் உள்ள விட்டாங்க."

பாலமுரளி ஒரு வாசற்படிக்கு மேலே கல்லில் செதுக்கியிருந்த பெயரைப் படித்துக் காட்டினான். ஸ்டுட்கார்ட்டில் அவன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கும் அதே குடும்பப் பெயர்தானாம். அவனும் சம்யுக்தாவும் அதையே பேசிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். சேதுமாதவனுக்கு ஊரில் மனமில்லை. நிலவறை எப்போது திறப்பீர்கள் என்று மனானாவை இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

மத்தியானம் திறந்தாள். படி இறங்கினால் குளுகுளுவென்று ஈர மண் வாசனை. சுவரோரம் பெரிய பெரிய மரப்பீப்பாய்கள். நடுவில் மேஜை போட்டு ரொட்டி, சீஸ், வால்நட் எல்லாம் பரப்பியிருந்தாள். கிளாஸ்களில் சிவப்பு வைனை ஊற்றி வரிசையாக வைத்தாள்.

சேதுமாதவன் ஒரு கிளாஸைக் காம்பைப் பிடித்து எடுத்தார். அவர் கையில் ஒரு மது கிளாஸைப் பத்மா பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஏதோ மருந்து பாட்டிலைப் பிடிப்பதுபோல தள்ளிப் பிடித்துக்கொண்டு பாலமுரளியிடம் நீட்டினார்.

"எடுத்துக்கங்க தம்பி. நம்மூரா இது? லீவுதானே, ஜாலியா இருங்க."

ஜாலி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும் சம்யுக்தா இருமிவிட்டாள்.

"இல்ல அங்கிள், வேண்டாம்" என்றான் பாலமுரளி.

"சும்மா ஒரு வாய். சுத்தமான திராட்சை. உடம்புக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாங்க."

"வேண்டாம் அங்கிள். ஜூஸ் இருந்தா போதும்."

"அட, எனக்காகப் பார்க்காதீங்க! நான் தப்பா நினைக்க மாட்டேன்."

என்ன ஒரு நடிப்பு! பத்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மனானாவின் முகம்தான் சுருங்கிவிட்டது. பெண்கள் இருவரும் வேண்டாம் என்கிறார்கள், பையன் வேண்டாம் என்கிறான், வற்புறுத்துகிற பெரியவரும் குடிக்கவில்லை. பிறகு எதற்காக இத்தனை தூரம் வந்தீர்கள் என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். மேலே போய் திராட்சை ஜூஸ் கொண்டுவருகிறேன் என்று படியேறினாள்.

சேதுமாதவன் கிளாஸைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைச் சம்யுக்தா பிறந்த அன்றைக்குப் பத்மா பார்த்தது. எழுந்து போய் பாலமுரளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க மாப்பிள்ளை. வேணும்னேதான் செஞ்சேன். பரீட்சை வச்சேன்."

மாப்பிள்ளை! பத்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. சம்யுக்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன்னு சொல்லிடறேன்" என்றார் அவர். "எங்கப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை. தெருமுனையில அவர் செருப்புச் சத்தம் கேட்டா நாங்க எல்லாரும் தூங்கற மாதிரி படுத்துக்குவோம். நான், சுரேஷ், எங்கம்மா, எல்லாரும். பசிச்சாலும் கண்ணைத் திறக்க மாட்டோம். பாஸானாலும் சொல்ல மாட்டோம், ஃபெயிலானாலும் சொல்ல மாட்டோம். அவர் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த வீட்ல ஒருத்தரும் அவர்கிட்ட உண்மை பேசினதில்ல. என் பொண்ணுக்கு அப்படி ஒரு வீடு அமையக் கூடாதுன்னுதான் இவ்வளவு கூத்தும்."

முப்பது வருஷமாக அவர் சொல்லாத கதை. பத்மாவின் கண் நிறைந்துவிட்டது. சம்யுக்தா எழுந்து அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

பாலமுரளி தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"அங்கிள், இதைக் கேட்டதுக்கப்புறம் நான் சும்மா இருந்தா தப்பு. நான் குடிப்பேன். எப்பவாவது ஃப்ரெண்ட்ஸோட, ஒண்ணு ரெண்டு கிளாஸ். சம்யுக்தாகிட்ட ஆரம்பத்துலயே சொல்லிட்டேன். இன்னிக்கு நீங்க சோதிச்சுப் பார்ப்பீங்கன்னு தெரிஞ்சுதான் வேண்டாம்னேன்."

போச்சு! சத்தியவானே, இன்னும் ஒரு நாள் பொறுக்கக் கூடாதா என்று பத்மா மனசுக்குள் அவனைத் திட்டினாள்.

"தெரிஞ்சுதானா?" என்றார் சேதுமாதவன். "யார் சொன்னது?"

சம்யுக்தா ஏதோ சொல்ல வந்தாள். மகள் பழி ஏற்கப் போகிறாள் என்று பத்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தாங்க" என்றாள்.

இனி விசாரணை ஆரம்பிக்கும் என்று எதிர்பார்த்தாள். வீட்டில் ஒரு தட்டு உடைந்தால்கூட எப்படி, எதனால், இனி நடக்காமல் இருக்க என்ன வழி என்று கேட்பவர். கத்த மாட்டார், கை ஓங்க மாட்டார். கேட்டுவிட்டு நாள்கணக்கில் பேசாமல் இருப்பார். அதற்குத்தான் அவள் நடுங்குவாள். ஆனால் அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"ஏன்?"

"பயம்தாங்க, வேறென்ன. நீங்க வேண்டாம்னுட்டா இவ ஆசை போயிடுமேன்னு பயம்." பேச ஆரம்பித்ததும் பத்மாவால் நிறுத்த முடியவில்லை. "இன்னிக்கு நேத்து பயமில்ல. காரை நான் தூண்ல உரசினது, இவ காலேஜ்ல ஒரு பேப்பர் கோட்டை விட்டது, எதையுமே உங்ககிட்ட சொன்னதில்ல. சுரேஷ் எனக்கு மாசா மாசம் போன் பண்றான். அண்ணன் எப்படி இருக்கார்னு கேட்டுட்டு அழறான். அதைக்கூடச் சொன்னதில்ல."

சேதுமாதவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"எங்கப்பா குடிச்சிட்டு வந்தார் பத்மா" என்றார். "நான் குடிக்கவே இல்லையே."

பத்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே மனானா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"சம்யு, இவர்கிட்ட உனக்குப் பயம் இருக்கா?"

"இல்லப்பா." பட்டென்று வந்தது பதில்.

"என்கிட்ட?"

சம்யுக்தா அம்மாவைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு விடை எடுத்துக் கொடுக்கப் பத்மாவால் முடியவில்லை. சேதுமாதவன் காத்திருந்தார். மகள் பேசப் போவதில்லை என்று தெரிந்ததும் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"உங்கப்பாவுக்குப் போன் போடுங்க மாப்பிள்ளை" என்றார். "தேதி பார்க்கச் சொல்லணும்."