மீன் வேகவில்லை

பூதக்கண்ணாடி தன் தட்டிலிருந்த மீனை முள்கரண்டியால் புரட்டிப் பார்த்தார். கொள்முதல் பிரிவில் எல்லாருக்கும் மேலே இருப்பவர் அவர். ரசீதில் ஒரு புள்ளி தவறினாலும் கண்ணில் பட்டுவிடும் என்பதால் அந்தப் பட்டப்பெயர். எதிரே, அதே பிரிவில் வேலை பார்க்கும் இளையவள் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். காலியாக இருக்கும் உதவி மேலாளர் நாற்காலியில் அவளை உட்கார வைப்பதா வேண்டாமா என்று எடைபோடத்தான் இந்த மதியச் சாப்பாடு. உணவகத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். பெயர்ப்பலகையைப் பார்த்ததுமே, உள்ளே வராமல் இருக்க வழியுண்டா என்று அவள் யோசித்தாள். இங்கே சமையலறையில் அவளுடைய அக்கா வேலை பார்க்கிறாள். அதைப் பற்றி அலுவலகத்தில் யாரிடமும் அவள் மூச்சுவிட்டதில்லை.

"நடுவுல வேகவே இல்ல," என்றார் அவர். "கூப்பிட்டுச் சொல்லுங்க."

அவளும் அதே மீனைத்தான் வாங்கியிருந்தாள். பதமாக வெந்திருந்தது. அவர் தட்டில் இருந்ததும் வெந்த மாதிரிதான் தெரிந்தது. தட்டில் முள் மட்டும்தான் மிச்சம்.

"பரவாயில்ல சார், வேற ஏதாவது வாங்கிக்கலாமே?"

"ஒரு தட்டு மீனுக்கே வாய் திறக்கலைன்னா, நாளைக்கு சரக்கு குடுக்கறவங்ககிட்ட எப்படிக் கறாரா பேசுவீங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாற்காலி நழுவுவது அவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

இந்த உணவகத்தில் ஒரு வழக்கம். யாராவது குறை சொன்னால் சமைத்தவரே மேசைக்கு வந்து, எல்லார் முன்னாலும் அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும். முதலாளி கண்டுபிடித்த கூத்து இது. சாப்பிட வந்தவருக்குப் பெருமை, சமைத்தவருக்குத் தலைகுனிவு. போன வாரம்தான் அக்கா சொல்லியிருந்தாள்: "என்னை ஒருதடவை வரவெச்சுட்டாங்கடி. இன்னொருதடவை ஆச்சுன்னா சீட்டு கிழிஞ்சிடும்." அந்தச் சம்பளத்தில்தான் அக்கா வீட்டில் அடுப்பெரிகிறது.

அக்கா சூப் பக்கம்தான் இருப்பாள், மீன் வேறு யாருடைய கைவேலையோ என்று இளையவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நமக்கு வேண்டிய பொய் என்றால் மனசு கேள்வியே கேட்காது. கையை உயர்த்திப் பரிமாறுபவரை அழைத்தாள்.

"மீன் சரியா வேகலை."

கதவைத் தள்ளிக்கொண்டு அக்காதான் வந்தாள். தலையில் வலைத்தொப்பி, அடுப்புச் சூட்டில் சிவந்த கன்னம். தங்கையைக் கண்டதும் மலர்ந்த முகம், எதிரே இருந்தவரைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தங்கையின் தட்டில் கிடந்த முள்ளையும் பார்த்தாள். பிறகு அவர் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

நல்லாத்தானே வெந்திருக்கு என்று அக்கா சண்டைக்கு வரட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கட்டும் என்று இளையவள் வேண்டிக்கொண்டாள்.

"வேகலைதாங்க மேடம்," என்றாள் அக்கா, தங்கையிடம். "என் தப்புதான். மன்னிச்சுக்குங்க."

இளையவளுக்கு உடம்பே கூசிப்போனது. தன்னை நினைக்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது. எழுந்து நிற்கத்தான் நினைத்தாள். ஆனால் எழவில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"பாத்தீங்களா? அழுத்திக் கேட்டாத்தான் ஒத்துக்குவாங்க," என்றார் பூதக்கண்ணாடி. அவருக்கு ஏக திருப்தி. "ஆமா, அந்தம்மாவுக்கு அப்படியே உங்க ஜாடை. சொந்தமா?"

கதவருகே போயிருந்த அக்காவின் நடை தயங்கியது.

"இல்ல சார்," என்றாள் இளையவள். "யாருன்னே தெரியாது."

அக்கா கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.