ஓரத்துப் பெட்டி மட்டும்

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஐந்து சின்னத் தேனீப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஐந்திலும் ஒரே தாய்க்கு ஒரே நாளில் பிறந்த இளம் ராணிகள். ஐந்துக்கும் ஒரே வெயில், ஒரே காற்று, ஒரே சர்க்கரைத் தண்ணீர். அப்படியிருந்தும் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஓரத்துப் பெட்டியில் மட்டும் ராணி தங்கி முட்டையிட்டது. மற்ற நான்கு ராணிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒருமுறை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இரண்டாம் முறையும் அச்சுப் பிசகாமல் அதே கதை. ஓரத்து ராணி சௌக்கியம். மூன்று போயாயிற்று, ஒன்று பாக்கி.

ஏன் என்று தெரியாமல் அக்கா தவித்தாள். ஏன் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்துத் தம்பி தவித்தான்.

தம்பி தொழிலில் பெயிண்டர். அக்கா கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்ப்பவள். தேனீ அவளுக்கு விடுமுறை நாள் பித்து. பழைய பெட்டிகளை ஒரு லாரி மெக்கானிக்கிடமிருந்து வாங்கியிருந்தாள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஏதாவது ஒரு குப்பை ஆணியடித்திருக்கும். ஒன்றில் பாட்டில் மூடி, ஒன்றில் நீலத் துணி, ஒன்றில் வளைந்த கரண்டி. இரண்டு மாதத்துக்கு முன், பெட்டிகள் காலியாக இருந்த சமயத்தில், அக்காவும் மாமாவும் நாலு நாள் வெளியூர் போனார்கள். அந்த நேரத்தில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துவைத்து அக்காவை அசத்த வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. போனிலேயே அனுமதி கேட்டான்.

"அடி, ஆனா தண்ணி பெயிண்ட்தான் அடிக்கணும். வாசனை வரக் கூடாது" என்றாள் அக்கா.

தண்ணீர் பெயிண்ட் மரத்தில் ஒரு மழை தாங்காது என்பது தம்பியின் தொழில் கணக்கு. போதாததற்கு ஒரு கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த ஆயில் பெயிண்ட் டின் கையிலேயே இருந்தது. தின்னர் கலந்து இரண்டு கோட் அடித்தான். திரும்பி வந்த அக்கா, "தண்ணி பெயிண்ட்தானே?" என்று கேட்டாள். "ஆமாக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ராணி வளர்ப்பில் மந்திரம் ஏதுமில்லை. பொறுமைதான் வேண்டும். முட்டையிலிருந்து வந்து ஒரு நாள்கூட ஆகாத புழுவை மெல்லிய தூரிகையால் எடுத்து, சுண்டுவிரல் நுனி அளவு மெழுகுக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். அந்தக் கிண்ணங்களை ராணியில்லாத பெட்டியில் கொடுத்தால், வேலைக்காரத் தேனீக்கள் புழுவுக்கு விசேஷப் பால் ஊட்டி ராணியாக்கிவிடும். அதே புழு சாதாரணச் சாப்பாடு தின்றிருந்தால் வேலைக்காரியாகியிருக்கும். பிறந்த ராணி ஒவ்வொன்றின் முதுகிலும் அக்கா நகப் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு கை தேனீக்களோடு விடுவாள். முதல் பெட்டிக்கு வெள்ளை, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள் என்று கணக்கு.

"இந்த வீட்டுல நகப் பாலிஷ் போட்டு மினுக்குறது அந்த ராணிங்க மட்டும்தான்" என்பார் மாமா.

ஒரு வாரத்தில் ராணி வெளியே பறந்து, வானத்தில் ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பும். பிறகு ஆயுசுக்கும் உள்ளே இருந்து முட்டையிடும். அக்காவின் ராணிகள் நன்றாகப் பிறந்தன, நன்றாக நடந்தன. பறக்கும் வயது வந்ததும் மறைந்தன.

பெயிண்ட் விஷம்தான் கொல்கிறது என்று தம்பி முடிவுகட்டியிருந்தான். அப்படியானால் ஓரத்துப் பெட்டி எப்படித் தப்பிக்கிறது? அதற்கும் அதே டின், அதே இரண்டு கோட்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா பெரிய பெட்டியைத் திறந்தாள். அதில்தான் தாய் ராணி இருந்தது. கையுறை இல்லாமல் திறந்தாலும் ஒரு தேனீகூடக் கொட்டாத சாதுக் கூட்டம். அக்கா சட்டம் சட்டமாகப் பார்த்து, தாய் ராணியைப் பிடித்து, தீப்பெட்டி அளவு கம்பிக்கூண்டில் அடைத்தாள். பிறகு கூண்டைத் தம்பியிடம் நீட்டினாள்.

"எனக்குக் கை வரலடா. நீயே நசுக்கிடு."

"எதுக்குக்கா?"

"வம்சமே சரியில்ல. ஓரத்துப் பொண்ணத் தவிர ஒண்ணும் தங்கல. வேற இடத்துலேருந்து புது ராணி வாங்கிடலாம். இல்லன்னா என் கைதான் சரியில்ல, மொத்தமா விட்டுடறேன்."

கூண்டுக்குள் ராணி நிதானமாக நடந்துகொண்டிருந்தது. செய்யாத தப்புக்கு ஒரு உயிர். செய்தவன் கையாலேயே.

"அக்கா, அது தண்ணி பெயிண்ட் இல்ல."

"எது?"

"பெட்டிக்கு அடிச்சது. ஆயில் பெயிண்ட். தின்னர் வேற கலந்தேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அதான் எல்லா ராணியும் செத்துப்போச்சு."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா இத வயித்துல வச்சுக்கிட்டுதான் என் வீட்டுல சாப்பிட்டியா?"

"சரியா சாப்பிடலக்கா."

"பொய் சொல்லாத. நேத்துகூட மூணு தட்டு." அவள் பெருமூச்சு விட்டாள். "உள்பக்கம் அடிச்சியா?"

"இல்ல. வெளிய மட்டும்தான்."

"வெளிய ஆயில் பெயிண்ட் எல்லாரும் அடிக்கிறதுதான். காயுற வரைக்கும் வாடை அடிக்கும்னுதான் வேணாம்னேன். காஞ்சப்புறம் அது ஒண்ணும் பண்ணாது. அது விஷம்னா ஓரத்து ராணி மட்டும் எப்படிப் பொழைக்கும், மண்டு? பொய் சொன்னதுக்கு அப்புறம் உன்ன வச்சுக்கறேன். ஆனா ராணி போனதுக்கு நீ காரணமில்ல."

கீழே குக்கர் கத்தியது. அக்கா இறங்கிப் போனாள்.

தம்பிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினாற்போல இருந்தது. கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அப்போதுதான் நாலாவது பெட்டியின் வாசலில் கொட்டைப்பாக்கு அளவில் தேனீக்கள் உருண்டையாகத் திரண்டு புரள்வதைப் பார்த்தான். குச்சியால் விலக்கினான். நடுவில் ஒரு ராணி, கால்கள் மடங்கிச் செத்துக் கிடந்தது. முதுகில் மஞ்சள் பொட்டு.

மஞ்சள் மூன்றாவது பெட்டிக்குரியது. நாலாவது வாசலில் அதற்கு என்ன வேலை? அந்நிய ராணி நுழைந்தால் தேனீக்கள் இப்படித்தான் மொய்த்து அமுக்கிக் கொல்லும் என்று அக்கா எப்போதோ சொல்லியிருந்தாள்.

ஓரத்து முதல் பெட்டியைக் கண்டுபிடிக்க ராணிக்குத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மற்றவைக்கு? தம்பி தலையைத் தாழ்த்தி, பறந்து வரும் தேனீயின் உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தான். ஒரே கிரீம் நிறத்தில், ஒரே அகலத்தில், ஒரே திசை பார்த்த முகங்கள். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் தெரியக் கூடாது என்று நூல் பிடித்து அவன்தான் வரிசை கட்டினான். பெயிண்ட் அடித்த பிறகு அக்காவுக்கே அடையாளம் தெரியாமல் மூடிகளின் மேல் சாக்பீஸில் எண் போட்டிருந்தாள். தேனீ வருவது மூடி வழியாக இல்லை. வாசல் வழியாக.

நாலாவது பெட்டியின் நெற்றியைத் தடவினான். பாட்டில் மூடி இருந்த இடத்தில், ஆணித் துளையை அடைக்க அவன் வைத்து இழைத்த பட்டி வழவழவென்று இருந்தது. அந்த மூடியும் துணியும் கரண்டியும் குப்பையே இல்லை. வாசலுக்கு வாசல் அடையாளம். ஐந்தையும் குறட்டால் பிடுங்கி எறிந்தவன் அவன். இறங்கிய பாறாங்கல் முன்னைவிடக் கனமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

செத்த ராணியைப் பார்த்தவர் யாருமில்லை. விரலால் ஒரு சுண்டு சுண்டினால் எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும். அக்கா இப்போதுதான் மன்னித்துவிட்டுப் போயிருக்கிறாள். மடியிலிருந்த கூண்டில் தாய் ராணி கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா! மேல வா! ராணிய கொல்ல வேணாம்!"

அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். பின்னாலேயே மாமா. தம்பி உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

"மஞ்சள். நாலாவது வாசல்ல கெடந்துச்சு. வீடு மாறிப் போயிருக்கு. போன வருஷம் எத்தன தங்குச்சு?"

"அஞ்சுக்கு நாலு" என்றாள் அக்கா.

"இந்த வருஷம்தான் நான் மூடி, கரண்டி எல்லாத்தையும் புடுங்கிட்டு ஒரே மாதிரி ஆக்கினேன். உன் கையும் சரிதான், இதோட வம்சமும் சரிதான். நான்தான்க்கா."

அக்கா பெட்டிகளின் முன் குனிந்து ஒவ்வொரு நெற்றியாகத் தடவிப் பார்த்தாள். மாமா தொண்டையைக் கனைத்தார்.

"இதே மச்சான் நம்ம பில்டிங் கதவுக்கெல்லாம் ஒரே கலர் அடிச்சப்ப, நான் பக்கத்து வீட்டுக்குள்ள போயி சோபாவுல உக்காந்துட்டேன். அவங்க டீ குடுத்தாங்க. தேனீக்குக் குடுக்க மாட்டாங்க போல."

அக்கா மஞ்சள் பொட்டு ராணியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"எட்டு ராணிடா" என்றாள் மெதுவாக. "இத்தன நாளா என்னையே திட்டிக்கிட்டேன்."

"தெரியும்க்கா."

அவள் அவன் மடியிலிருந்த கூண்டை எடுத்து, தாய் ராணியைப் பெரிய பெட்டியின் சட்டங்களுக்கு நடுவே திறந்துவிட்டாள். அது இருட்டுக்குள் இறங்கி மறைந்தது.

மூன்றாம் முறை ராணிகளை விடுவதற்கு முன், பெட்டிகள் காலியானதும், தம்பி அவற்றை இடம்விட்டுத் திசைக்கொன்றாகத் திருப்பிவைத்துவிட்டுத் தூரிகையோடு வந்தான். முதலில் சிவப்பு டின்னைத் திறந்தான். அக்கா தடுத்தாள்.

"சிவப்பு அதுங்க கண்ணுக்குக் கறுப்பு மாதிரிதான். பக்கத்துல பக்கத்துல வச்சா மறுபடியும் குழப்பம். நீலம், மஞ்சள், வெள்ளை, கறுப்பு. போதும்."

"அஞ்சாவதுக்கு?"

"உன் மூஞ்சிய வரை. பயந்தாவது மத்த ராணிங்க அந்தப் பக்கம் வராது."

அவள் பழையபடி திட்ட ஆரம்பித்ததில் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஐந்தாவது நெற்றியில் நீல நிறத்தில் பெருக்கல் குறி போட்டான்.

மூன்று வாரம் கழித்துத் திறந்து பார்த்தபோது நான்கு பெட்டிகளின் அடைகளில், அறைக்கு ஒன்றாக முட்டைகள் நின்றன. ஐந்தாவது ராணி திரும்பவில்லை. குருவி பிடித்திருக்கலாம், அதற்கு யாரும் பொறுப்பில்லை. தம்பி பெட்டிகளின் மூடியிலிருந்த சாக்பீஸ் எண்களைத் துடைத்துவிட்டு, சுண்ணாம்பு வெள்ளைச் சுவரில் அக்காவின் பென்சிலால் எழுதிவைத்தான்: இளம் ராணி இருக்கும் பெட்டிகளை ஒரே வரிசையில் வைக்காதே. இரண்டு பெட்டிக்கு நடுவே மூன்று எட்டு வைக்கும் அளவு இடம் விடு. ஒவ்வொரு வாசலையும் வெவ்வேறு திசைக்குத் திருப்பு. ஒவ்வொரு வாசலுக்கு மேலும் வேறு வடிவம், வேறு நிறம் போடு. ராணி பறக்கத் தொடங்கிய பிறகு பெட்டியை நகர்த்தாதே.