முன்னால் போகிறவன் சொல்

ஆளுயரக் கண்ணாடியை இரண்டு பேர்தான் தூக்க வேண்டும். முன்னால் போகிறவன் தரையைப் பார்த்துச் சொல்வான். பின்னால் வருகிறவன் கண்ணாடியை மட்டும் பார்ப்பான். கால் முன்னவன் சொன்னபடி போகும். இருபது வருஷம் அப்படித்தான் ஓடியது. தம்பி முன்னால், நான் பின்னால். நான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. அவன் வாயை மட்டும் நம்பினேன்.

எங்கள் அக்காவை லாரி ஏற்றிக் கொன்றவனுக்கு ஒரு தங்கை. தையல்காரி. கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றான் தம்பி. ஆறு மாதப் பழக்கமாம். பொத்தான் தைக்கப் போகிறேன் என்றுதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எத்தனை பொத்தான்டா அறுந்துச்சு உனக்கு?" என்றேன்.

"லாரியை அவளா ஓட்டுனா, அண்ணே?"

"அந்த வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் முகத்துல எப்படிடா முழிப்பே?"

"அவ அண்ணன்கூட அவ பேசியே மூணு வருஷம் ஆச்சு."

"அவ சொன்னா, நீ தலையாட்டிட்டு வந்தே."

அதற்குப் பிறகு வேலையில் மட்டும்தான் பேச்சு. மேடு, பள்ளம், படி. அவ்வளவுதான்.

ஒரு பல் வைத்தியரின் முன்வாசலுக்குக் கண்ணாடி கொண்டுபோனோம். ஏறும்போது, "இன்னும் ஒரு படிதான்" என்றான். ஆறு மாதம் பொத்தான் கதை சொன்ன வாய்தானே இது என்று தோன்றியது. குனிந்து பார்த்தேன். ஒரு படிதான் இருந்தது. அதற்குள் கண்ணாடி சாய்ந்துவிட்டது. நான் கையை விட்டேன். அவன் விடவில்லை.

அவனுக்கு வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. மூன்று விரல் இனி மடங்காது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு அந்தத் தையல்காரியும் வந்து உட்கார்ந்திருந்தாள். கை வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அவர்கள் போன பிறகு தம்பி மெதுவாகச் சொன்னான்.

"நீ குனிஞ்சே. என் கையில தெரிஞ்சுது."

அவளைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது ஒற்றை ஆள் தூக்குகிற வேலைதான் எடுக்கிறேன். ஜன்னல், படச்சட்டம். போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணைக் கட்டி அனுப்பினார்கள். வாசலில் தம்பியும் அவளும் நின்றிருந்தார்கள். அவன் சட்டைக் கைப் பொத்தானை அவள் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். நான் தடவித் தடவி வருவதை அவன் பார்த்துவிட்டான்.

"ரெண்டு படி" என்றான்.

ஒன்பது வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

நின்றேன். குனிந்து பார்த்தேன்.

இரண்டுதான்.

நிமிர்ந்தபோது அவன் முதுகுதான் தெரிந்தது. அவள் அவன்கூட நடந்தாள்.