தங்கைக்குத் தந்த சுவர்

"கல்லு எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோட்டி. எனக்கு லாரிக்கூலி மிச்சம்."

"விளையாட்டுக்குச் சொல்லுதியா, நெசமாவா?"

"நெசமாத்தான். வச்சு என்ன செய்யப் போற? துணி துவைக்கவா?"

"வீடு கட்டப் போறேன்."

"அது சரி. எங்கன கட்டப் போற? மாப்ளை கடை மாடியிலயா?"

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மூன்று வாரம் கழித்தும் அன்னத்தாய் அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல் கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பிவிட்டோமே என்ற எரிச்சல் இன்னொரு பக்கம்.

கல் இருந்த பிறந்த வீடு சுத்தமல்லியில், ஆற்றுக்குக் குளிக்கப் போனால் தலை காயுமுன் திரும்பிவிடலாம் என்கிற தூரத்தில் இருந்தது. அவர்கள் அப்பாவின் தாத்தா கட்டியது. ஜன்னல் மட்டம் வரை கனத்த கல்சுவர், அதற்கு மேல் செங்கல், தரை முழுக்கப் பாவுகல். அப்பா காலமான பிறகு அண்ணன் ஆவுடைநாயகமும் மதினி ப்ரியாவும் அங்கே இருந்தார்கள். கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்ற கையோடு, பழைய வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி கான்கிரீட் வீடு கட்டுவதென்று ஆவுடைநாயகம் முடிவு செய்துவிட்டார். அடுத்த தெருவில் வாடகைக்குப் போயாகிவிட்டது. ஓடும் மரமும் விற்றுப் போயின. மிச்சமிருந்த சுவர்களை இடிக்க ஜேசிபிக்கு நாளும் குறித்தாயிற்று.

அந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வழக்கம் இருந்தது. கழற்றித் தூக்கிக்கொண்டு போக முடிகிற பொருளெல்லாம் பெண்பிள்ளைக்குப் போகும். மண்ணோடு நிற்பது ஆண்பிள்ளைக்கு. அன்னத்தாயின் கல்யாணத்தில் நகை, பித்தளைப் பானைகள், குத்துவிளக்கு, தேக்குக் கட்டில், ஒரு பசுவும் கன்றும் எல்லாம் வண்டியேறின. அதற்கு இரண்டு வாரம் முன்னால் பத்திர ஆபீசுக்குப் போய், அப்பா சொத்தில் பங்கு வேண்டாம் என்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் அண்ணன் வாங்கிக் கொடுத்த ரோஸ்மில்க்தான் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம்.

நிற்கிறவரை அது ஆவுடைநாயகத்தின் சுவர். பெயர்த்துக் குவித்துவிட்டால் அதுவும் தூக்கிக்கொண்டு போகிற பொருள்தானே. அதனால்தான் அவரால் அவ்வளவு லேசாக எடுத்துக்கொள் என்று சொல்ல முடிந்தது.

அன்னத்தாய் வண்ணார்பேட்டையில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் இருபது வருஷமாக வீட்டுப் பிளான் வரைகிறாள். மற்றவர்களுக்கு எத்தனையோ வீடு வரைந்தாயிற்று. ஒவ்வொரு பிளானோடும் எவ்வளவு ஜல்லி, பாறையை அரைத்த எம்-சாண்ட் எவ்வளவு என்று அவள்தான் கணக்குப் போட்டுக் கொடுப்பாள். கல்லூரி நாளில் வள்ளியூர் சித்தி வீட்டுக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியே ஒரு குன்றைப் பார்த்துக்கொண்டே போவாள். உச்சியில் ஒற்றைப் பனை நிற்கும். போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது பனையும் இல்லை, குன்றும் இல்லை. பச்சைத் தண்ணீர் தேங்கிய ஒரு பெரிய பள்ளம்தான் இருந்தது. தான் வரைந்த வீடுகளுக்குள்ளும் அந்தக் குன்றில் கொஞ்சம் போயிருக்கும் என்று தோன்றியது அவளுக்கு. அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் கணவன் குமரகுருபரனுக்கு அதே வண்ணார்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடை. கடைக்கு மேலேயே வாடகை வீடு. வெயில் காலத்தில் ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. "ஊருக்கெல்லாம் எங்கள் இல்லத் திருமணம்னு அடிச்சுக் கொடுக்கேன், நமக்குத்தான் இல்லம் இல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

கல் விஷயத்தைச் சொன்னபோதும் சிரித்தான். "மலையைக் காப்பாத்தக் கெளம்பிட்டியாக்கும்."

"மலைதான் போயிட்டே. இதையாவது ஜல்லியாக்காம வைக்கலாம்லா. ஒருதடவை வெட்டியாச்சு, மாட்டுவண்டியில இழுத்தாந்தாச்சு, நூறு வருஷத்துக்கு மேல நின்னும் காட்டிட்டு. இன்னும் எத்தனை வருஷம்னாலும் நிக்கும். அதைக் கொண்டுபோய் கிரஷர்ல நொறுக்குதோம். அப்புறம் புதுச் சுவருக்குன்னு இன்னொரு மலையை உடைக்கோம். எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவே மாட்டேங்கு."

"கல்லு நிக்கும், சரி. எது மேல நிக்கும்?"

அதற்கு அவள் எழுந்து தோசைக்கு மாவு கலக்கப் போய்விட்டாள்.

பதில் இல்லாமல் இல்லை. பழைய வீட்டுக்குப் பின்னால், கிணற்றைத் தாண்டி, தொழுவம் இருந்த இடம் சும்மா கிடந்தது. ஐந்து சென்ட். இரண்டு தென்னை. பின்பக்கத் தெருவிலிருந்து தனியாக வழியும் உண்டு. ஆபீசில் வேலை குறைந்த ஒரு மத்தியானம் அந்த இடத்துக்கு அவள் ஒரு பிளான் வரைந்தாள். பன்னிரண்டு வருஷமாக அதைத் திருத்தித் திருத்தி வைத்திருந்தாள். குமரகுருபரனுக்கும் தெரியும். அவன் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

பத்து நாள் லீவு போட்டாள். பாளையங்கோட்டையிலிருந்து ஜெபசீலன் என்ற கொத்தனாரையும் ஐந்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு பழைய வீட்டில் போய் இறங்கினாள். ஜேசிபி கையை நீட்டினால் நல்ல கல்லெல்லாம் மூலை உடைந்துவிடும். அதற்குள் கடப்பாரையாலேயே பெயர்த்து எடுத்துவிட வேண்டும்.

"பைய, பைய" என்று நாள் முழுக்க அவள் குரல்தான் கேட்டது. கல்லுக்கு நடுவே இருந்த சுண்ணாம்புச் சாந்து, கடப்பாரை நுனி பட்டதும் பொரிகடலை மாவு மாதிரி உதிர்ந்தது. கல் முழுசு முழுசாகக் கையோடு வந்தது. தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் நான்கு நாளில் இறங்கிவிட்டன. அடுப்படிச் சுவர் மட்டும் அசையவில்லை. அடிக்க அடிக்கக் கல்தான் உடைந்தது.

ஜெபசீலன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அக்கா, சுண்ணாம்புன்னா தட்டினா விட்டுரும். இந்தச் சுவருக்கு யாரோ சிமெண்டைக் குழைச்சு அடைச்சு வச்சிருக்காங்க. யாரு செஞ்ச வேலை?"

"எங்க அப்பா. எலி வருதுன்னு பூசினாரு."

"அப்போ அவுககிட்டத்தான் ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேக்கணும்னா மேலதான் போகணும். நீங்க போயிட்டு வாங்க, நான் ஆளுகளைப் பாத்துக்கிடுதேன்."

ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சுவரில் பாதிக்கு மேல் துண்டு துண்டாகத்தான் தேறியது. துண்டுகளையும் அவள் விடவில்லை. அஸ்திவாரத்துக்கு ஆகும் என்று தனியாகக் குவிக்கச் சொன்னாள். மூலைக்கல் ஒரு வரிசை, தட்டைக்கல் ஒரு வரிசை, பாவுகல் தென்னை நிழலில் ஓர் அடுக்கு என்று கிணற்றடியில் எல்லாம் தரம் பிரிந்து உட்கார்ந்தன.

ப்ரியா தினமும் பதினொரு மணிக்கு மோர்ச் செம்போடு வருவாள். மோரோடு நாலு வார்த்தையும் வரும்.

"என்ன அன்னம், கல்யாணத்துல சீர் பத்தலையா? இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுச் சுவரையும் பேத்துட்டுப் போறியே."

"உங்க வீட்டுக்காரரு மனசாரத் தந்தது மதினி. உங்களையும் தந்தா கூட்டிட்டுப் போயிருவேன்."

"கூட்டிட்டுப் போய் எங்க வைப்ப? இந்தக் கல்லு பக்கத்துலயா?"

"மோரைக் குடுங்க முதல்ல."

எட்டாம் நாள் ப்ரியா மத்தியானம் வந்தாள். வெயிலில் கண் கூசியது. கால் சுடுகிறதென்று தென்னை நிழலில் கிடந்த பாவுகல் மேல் உட்கார்ந்தவள் சிறிது நேரம் எழுந்திருக்கவே இல்லை. உள்ளங்கையால் கல்லைத் தடவிப் பார்த்தாள். "இன்னும் சில்லுன்னுல்லா இருக்கு. புது வீட்டுக்கு மூணு ஏசி போடணும்னு இன்ஜினியர் சொல்லுதாரு. இந்த வீட்டுல நான் ஃபேன் கூடப் போட்டதில்ல." யாரிடமோ குறை சொல்கிற மாதிரி இருந்தது குரல். அன்னத்தாய் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செம்பில் மிச்சமிருந்த மோரைக் குடித்தாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான்கு மணிக்குக் கடைசிக் கல்லும் இறங்கியது. ஜெபசீலன் கூலியை வாங்கிக்கொண்டு, "வேலை ஆரம்பிக்கும்போது கூப்பிடுங்கக்கா, சுண்ணாம்புக் கட்டு எனக்குத் தெரியும், வேற யாரையும் போட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கே வேலை என்று அவன் ஒருவன்தான் கேட்கவில்லை.

கடையை அடைத்துவிட்டுக் குமரகுருபரன் வந்து சேர்ந்த சமயத்தில்தான் ஆவுடைநாயகமும் வந்தார். கூடவே ஒரு லாரி வந்து நின்றது, அதிலிருந்து ஓர் ஆள் இறங்கினார். கிரஷருக்குக் கல் பிடித்துக் கொடுக்கிறவராம். அவர் அடுக்குகளைச் சுற்றி வந்து ஒரு மூலைக்கல்லைக் காலால் தட்டிப் பார்த்தார். அன்னத்தாய்க்கு யாரோ தன்னைத் தட்டிய மாதிரி இருந்தது.

"அன்னம், விடிஞ்சா ஜேசிபி வந்துரும்" என்றார் ஆவுடைநாயகம். "அஸ்திவாரம் தோண்டுத மண்ணை இங்கனதான் குவிக்கணும். பத்து நாளா கேக்கேன், நீ ஒரு இடம் சொல்ல மாட்டேங்க. அண்ணாச்சி இப்பவே ஏத்திக்கிடுதேங்காரு, நல்ல விலையும் தாரேங்காரு. எனக்கு ஒரு பைசா வேண்டாம், அவ்வளவும் உனக்குத்தான். ரெண்டு வளையல் பண்ணிப் போட்டுக்கோ."

அவர் மனசாரத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அவளுக்குப் பேச்சு சுலபமாக வந்திருக்கும். வளையல். மறுபடியும் கழற்றி எடுத்துக்கொண்டு போகிற பொருள்.

"ரெண்டு நிமிஷம் பொறு, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். கை கழுவுகிற சாக்கு. குமரகுருபரன் பின்னாலேயே வந்து வாளியைப் பிடித்துக்கொண்டான்.

"மேலப்பாளையத்துல, நம்ம கடைக்கு வார ஹபீப் முகம்மது பாய் மனை சும்மா கிடக்கு. ஆறு மாசத்துக்கு அடுக்கி வச்சுக்கோங்கன்னாரு. சொல்லவா?"

"ஆறு மாசம் கழிச்சு?"

"அதுவும் சரிதான்."

"நீங்க ஏன் ஒருதடவை கூட அண்ணங்கிட்ட பேசல?"

அவன் தண்ணீரை அவள் கையில் ஊற்றினான். "நான் கேட்டா வீட்டு மாப்ளை சொத்து கேட்டு வந்து நின்னான்னு ஆயிரும். அது எனக்கு ஆகாது. நீ கேட்டா அது பிறந்தவ கேக்கது. கேக்கதும் கேக்காததும் உன் இஷ்டம். நான் இந்தா பக்கத்துல நிக்கேன்."

கேட்க நினைத்ததெல்லாம் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் அன்று நினைத்தாள், அண்ணன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார், விட்டுவிட்டாள். அவர் மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் நினைத்தாள், கடனில் இருக்கிறார் என்று விட்டுவிட்டாள். அவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த வருஷம் நினைக்கவே கூசியது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலையோடு வருகிற மனுஷர். இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகும் சேலை வரும். அதை எந்த முகத்தோடு வாங்குவது? பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருக்கிறது இந்த ஒரு உறவுதான். அதையும் ஐந்து சென்ட் மண்ணுக்காக உரசிப் பார்க்க வேண்டுமா என்று ஒவ்வொரு தடவையும் பின்வாங்கினாள்.

தெருவில் லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. திறந்துவிட்ட பின்பக்கக் கதவு வழியே பின்னோக்கி வந்தது. கிரஷர் ஆள் கையை ஆட்டி ஆட்டி வழி காட்டினார். மூலைக்கல் அடுக்குக்கு ஓர் ஆள் நீளம் தள்ளி வந்து நின்றது.

அன்னத்தாய் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போனாள். லாரிக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தெருவுல நில்லுங்க" என்றாள் அந்த ஆளிடம். அவர் ஆவுடைநாயகத்தைப் பார்த்தார். அண்ணன் தலையாட்டியதும் அந்த ஆள் போனார்.

ப்ரியாவும் வந்திருந்தாள். செம்பு இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு அவள் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குமரகுருபரன் சொன்ன மாதிரியே பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? வெயில் ஏறிட்டா?" ஆவுடைநாயகத்தின் குரலில் உண்மையான பதற்றம் இருந்தது. "உக்காரு முதல்ல."

"உக்காரல அண்ணே. நின்னுக்கிட்டே சொல்லுதேன், உக்காந்தா சொல்ல மாட்டேன்."

"சொல்லு."

"இந்தக் கல்லை நான் விக்கல. வேற யாரு மனைக்கும் கொண்டு போகல. கிணத்துக்கு அங்கிட்டு, தொழுவம் இருந்த அஞ்சு சென்டு சும்மா கிடக்குல்லா. அதை எனக்குத் தா அண்ணே. கல்யாணத்துக்கு முன்னால நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவ. சட்டப்படி எனக்கு இங்க ஒண்ணும் கிடையாது. அது தெரிஞ்சுதான் கேக்கேன்."